கையில் காசு இருந்தால் காத்திருக்கலாம்

நடுவர் அவர்களே, வேலையை முடித்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஏழைக் கிராமத்துக் குடும்பத்தை நிமிர வைப்பது நேரடிப் பணமா, வேலைவாய்ப்பா என்பது தலைப்பு. நான் நேரடிப் பணம் என்ற அணி. எனக்கு முன்னால் பேசிய ஐயா மூன்று கேள்வி கேட்டார். பணம் கொடுத்தால் டாஸ்மாக் கடைக்குப் போகாதா? ஆட்கள் சோம்பேறி ஆகமாட்டார்களா? மாதம் ஆயிரம் ரூபாயில் என்ன மாறிவிடும்? கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்குப் பதில் என் வீட்டிலேயே இருக்கிறது.

என் சின்னம்மா புளி தட்டுகிறவர். சீசன் வந்தால் வியாபாரி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வருஷக்கணக்கில் இதே வேலை செய்து விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. இதே தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் 2023 ஜூலை 24 அன்று மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாம் தொடங்கியது. செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியது. சின்னம்மாவுக்கும் ஏறியது. ஆனால் வங்கிப் பணத்தை எடுத்துக் கொடுக்க ஊருக்கு வரும் தம்பியின் கைரேகை மிஷினில் பெருவிரலும் எடுக்கவில்லை, ஆள்காட்டி விரலும் எடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்துத் துடைத்து, கடைசியில் இடது கை மோதிர விரலுக்குத்தான் மிஷின் சத்தம் கொடுத்தது.

அந்த ஆயிரத்தோடு நேராக மளிகைக் கடைக்குப் போனார். கடன் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னார்.

அந்த நோட்டு என்னவென்று இங்கே பலருக்குத் தெரியும். நோட்டில் பெயர் இருக்கிறவர் விலை கேட்க முடியாது. கடைக்காரர் கொடுத்ததுதான் பருப்பு, போட்டதுதான் விலை. அடுத்த தெருவில் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே போக முடியாது. போனால் பழைய பாக்கியை எடுத்து வை என்பார். சின்னம்மாவுக்கு அந்தப் பாக்கி அடைய ஐந்து மாதம் ஆனது. இப்போது ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறார். போன சீசனில் புளி வியாபாரியிடம் முன்பணம் வாங்கவில்லை. அதனால், "இந்தக் கூலிக்கு என்னால் ஆகாதுங்க, வேறு ஆளைப் பாருங்க" என்று சொல்ல முடிந்தது. மூன்றாம் நாள் அவரே வந்து கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிப் பேசினார்.

எங்கள் மண்ணில் உழைப்புக்குப் பஞ்சமே இல்லை, நடுவர் அவர்களே. பஞ்சம் அவகாசத்துக்குத்தான். இன்று ராத்திரிக்கு அரிசி வேண்டும், நாளைக்கு வாரக் குழுக் கடனுக்குக் கட்ட வேண்டும் என்று நிற்கிறவரால் நல்ல விலைக்கோ நல்ல கூலிக்கோ காத்திருக்க முடியாது.

சரி, குடி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கவலை எனக்கும் உண்டு. குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலும் இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகளில் குடித்துத் தீர்ந்தது சம்பாதித்த கூலிப் பணம். அதற்காகக் கூலியே கொடுக்காதீர்கள் என்று நாம் யாராவது சொல்கிறோமா? டேவிட் எவன்ஸ், அன்னா பொப்போவா என்று இரண்டு ஆய்வாளர்கள், நேரடிப் பணம் கொடுத்த பல நாடுகளிலிருந்து 19 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். பணம் வந்ததால் மது, புகையிலைச் செலவு கூடியது என்று காட்ட முடியவில்லை. பல இடங்களில் குறைந்தே இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டும், ஆட்டுக்குக் கொட்டகை போட வேண்டும் என்று மனதில் நாள் கணக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறவர் கையில் அந்தப் பணம் போய்ச் சேருகிறது.

சோம்பேறி ஆவார்கள் என்பது இன்னொரு பயம். மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012இல் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100, பிறகு 300, 150. ஒரு நிபந்தனையும் இல்லை. அங்கே பலர் கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள், ஆடு மாடு வாங்கினார்கள். அடுத்தவர் காட்டில் குனிந்தவர் தன் காட்டில் குனிந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லலாமா?

எதிரணி அம்மா ஒருவர், மீனைக் கொடுக்காதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு என்றார். கைதட்டல் வந்தது. அம்மா, ஒகேனக்கல்லில் யாருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள்? அவர்களுக்கு வலையும் தெரியும், பரிசலும் தெரியும். கர்நாடகத்தில் மழை கொட்டி, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீரைத் திறந்துவிட்டால் இங்கே பரிசல் ஓட்டத் தடை, அருவியில் குளிக்கத் தடை. பரிசல் ஓட்டுகிற அண்ணன், மீன் வறுத்துக் கொடுக்கிற அக்கா, எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும்படி நின்றுபோகும். தொழில் தெரியாததாலா நின்றது? அந்த நாட்களிலும் அடுப்பு எரிய வேண்டும்.

வேலை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி தமிழ்நாடு முழுக்க மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதே, அப்போது வேலை செய்துவிட்டுக் காத்திருந்த பெண்கள் எதை வைத்துச் சமைத்தார்கள்? எல்லாவற்றையும் காசாகக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் சொல்லமாட்டேன். ஃப்ளோரைடு கலந்த தண்ணீரால் பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக வாழ்ந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயை ஆயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் போட்டுக்கொள்ள முடியாது. அது அரசு செய்ய வேண்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்லம்பள்ளி ஆட்டுச் சந்தைக்கு எங்கள் சின்னப்பா வருஷம் ஒரு தடவையாவது போவார். பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வட்டி கட்டவோ அவசரமாகப் போவார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் அவரிடம் விலை பேசுவார்கள். விற்கிறவன் முகத்தைப் பார்த்தே அவசரத்தைக் கண்டுபிடித்துவிடுவார் வியாபாரி. அப்புறம் எத்தனை விரலைப் பிடித்தாலும் சின்னப்பா சரி என்றுதான் சொல்ல வேண்டும். போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய சந்தைக்குச் சின்னம்மாவும் கூடப் போனார். இரண்டு கிடா. முதல் ஆள் துண்டுக்குள் கேட்ட விலைக்குச் சின்னப்பா தலையசைக்கப் போனார். சின்னம்மா ஆட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "வேண்டாங்க, இன்னும் நேரம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்கு மேல் அதே வியாபாரி திரும்பி வந்தார்.

நன்றி, வணக்கம்.