எண்ணெய் மேடைக்கு மேலே ராக்கெட்

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து சுமார் 315 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் ஹைபர்னியா என்ற எண்ணெய் மேடை நிற்கிறது. பனிமலை வந்து மோதினாலும் தாங்கும்படி அதன் அடிப்பகுதியைக் கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள். மேலே இருப்பவையோ எண்ணெயும் எரிவாயுவும் ஓடும் குழாய்கள், ஹெலிகாப்டர் தளம், ஆட்கள் தூங்கும் அறைகள்.

2005 ஏப்ரலில் அமெரிக்க விமானப்படை ஒரு உளவுச் செயற்கைக்கோளை ஏற்றிய டைட்டன் 4 ராக்கெட்டைக் கேப் கனாவெரலிலிருந்து வடகிழக்காக ஏவத் தயாரானது. கழன்று விழும் பாகம் ஒன்று ஹைபர்னியா பக்கத்துக் கடலில் விழலாம் என்று தெரியவந்ததும், மேடையைக் காலி செய்வதா என்ற பேச்சு எழுந்தது. 29ஆம் தேதி ராக்கெட் கிளம்பியது. மேடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எல்லாம் வீண் பயம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கழன்ற பாகத்தில் இயந்திரமும் ஓடாது, கட்டுப்பாடும் கிடையாது. கழலும்போது வேகம் கொஞ்சம் மாறினாலும் விழும் இடம் பல கிலோமீட்டர் தள்ளிப்போகும். அதனால்தான் விழும் பகுதியைப் புள்ளியாகக் குறிக்காமல், பறக்கும் பாதையில் நீண்ட முட்டை வடிவமாக வரைகிறார்கள். டைட்டனின் மைய அடுக்குகளில் இருந்ததோ ஹைட்ரசீன் வகை நச்சு எரிபொருள். இரும்புத் துண்டு மட்டும்தானே விழுகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, நேராக மேடை மீதே விழும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்களை இறக்குவது ஆபத்தில்லாத வேலையா? அதே கடலில் 1982இல் ஓஷன் ரேஞ்சர் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை புயலில் கவிழ்ந்தது. அதிலிருந்த 84 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 2009இல் அங்குள்ள மேடைகளுக்குப் போன ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அவசர அவசரமாகக் கிணறுகளை மூடி, கிடைத்த வானிலையில் ஆட்களை ஏற்றி அனுப்பினால், ராக்கெட்டை விடப் பெரிய ஆபத்தை நாமே வரவழைக்கிறோம். ஆகவே ஏவுகிறவர்கள் தேதியையும் பாதையையும் சீக்கிரமே சொல்ல வேண்டும். ஏவுதல் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அதையும் உடனே சொல்ல வேண்டும். முடிந்தால் பாதையையே கொஞ்சம் விலக்க வேண்டும். கடலடியில் ஊன்றி நிற்கும் மேடை நகராது அல்லவா?

அப்புறம் பணம். விண்வெளிப் பொருள் பூமியின் மேற்பரப்பில் சேதம் செய்தால் ஏவிய நாடே பொறுப்பு என்கிறது 1972ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம். 1978இல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள், அணு உலையோடு கனடாவில் விழுந்தது. 1981இல் சோவியத் 30 லட்சம் கனடிய டாலர் தர ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த ஒப்பந்தம் சேதம் என்று சொல்வது உயிரிழப்பையும் காயத்தையும் சொத்திழப்பையும்தான். எதுவும் விழாமலே உற்பத்தி நின்ற நாட்களின் நஷ்டம் அதில் நேராகச் சொல்லப்படவில்லை. அதை யார் ஏற்பது என்று ஏவுகிறவர்களும் மேடைக்காரர்களும் முன்னதாகவே பேசி எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கவுண்ட்டவுன் தொடங்கிய பிறகு அதைப் பேச முடியாது.