எம்டன் துப்பாக்கி என்று எழுதி வைத்த அட்டை

(தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்து மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் என்.சி.சி. உடுப்போடு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. நான் பட்டாளத்தில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கியைச் சுட்டதைவிட அதைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்ததுதான் அதிகம்.

நம்ம பக்கத்தில் ஓர் அலுவலகம், பேர் வேண்டாம். அதன் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய ரைபிள் இருக்கிறது. கீழே அட்டை: 'எம்டன் காலத்துத் துப்பாக்கி, 1914'. எம்டனைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கடலில் நின்றபடி பீரங்கியால் சுட்டார்களே தவிர, ஒரு மாலுமிகூட இங்கே கரையில் கால் வைக்கவில்லை. அப்படியிருக்க, அவர்கள் துப்பாக்கி இங்கே எப்படி வரும்? சரி, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துப்பாக்கி என்ற அர்த்தத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன்.

கண் நேராக மேகசினுக்குப் போனது. குதிரைக்கு முன்னால் தொங்குகிற பெட்டி. நாம் த்ரீ நாட் த்ரீ என்கிற, வெள்ளைக்காரன் பட்டாளத்து .303 லீ என்ஃபீல்ட் ரைபிளில் அதன் அடிப்பக்கம் சாய்வாக இருக்கும், 10 தோட்டா பிடிக்கும். இதில் அடிப்பக்கம் சதுரமாக, பெட்டி மாதிரியே இருந்தது. 12 தோட்டா மேகசின். 1914-இல் லீ என்ஃபீல்டுக்கு இப்படி ஒரு மேகசின் கிடையாது.

இரும்பு முழுக்க சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால் சாவி இல்லை என்றார்கள். பையிலிருந்த டார்ச்சை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டி, நன்றாகச் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடித்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், எழுத்து தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், பெயிண்டுக்கு அடியில் இருக்கிற எழுத்துகூட எழும்பி வரும். தோளில் வைக்கிற பட் கட்டை வந்து சேருகிற கழுத்தில், வலது பக்கத்து இரும்பில் மெல்லத் தெரிந்தது: மேலே அசோகச் சிங்கம், அடியில் ஆர்.எஃப்.ஐ., 7.62, 2ஏ1, 1967.

ஆர்.எஃப்.ஐ. என்றால் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருப்பது. 1962 சீனப் போரில் நம் காலாட்படை பெரும்பாலும் .303-ஐத்தான் தூக்கிக்கொண்டு மலை ஏறியது. அப்புறம்தான் அதே பழைய வடிவத்தில், எஃகை வலுவாக்கி, புதிய 7.62 தோட்டாவுக்கு என்று நம்மவர்கள் செய்தது இந்த ரைபிள். முதலில் வந்தது 2ஏ. அதில் குறி பார்க்கிற பின்பக்கத் தகட்டின் தூர அளவு 2000 வரை போகும். அவ்வளவு தூரம் யார் குறி வைக்கப் போகிறார்கள் என்று 2ஏ1-இல் 800 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். நம் தொழிலாளி செய்த பொருளின் மேல் எம்டன் என்று எழுதி வைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கழுத்தை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம். அடியில் வி.ஆர். என்றால் விக்டோரியா, அதாவது 1901-க்குள். இ.ஆர். எட்வர்ட், 1910 வரை. ஜி.ஆர். ஜார்ஜ். ஜி.ஆர்.ஐ. என்று ஓர் ஐ சேர்ந்திருந்தால் இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு, இஷாப்பூரில் அடித்தது. அடுத்து செய்த இடத்தின் பேர்: இங்கிலாந்தில் என்ஃபீல்ட், பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி, ஆஸ்திரேலியாவில் லித்கோ. அதற்கும் கீழே வருஷம், மார்க், அதாவது எந்த வகை என்று காட்டுகிற எண். 'மூன்று' என்ற ரோமன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால், முதல் உலகப் போரின் நடுவில் அவசரத்துக்காகச் சில பாகங்களைக் குறைத்துச் செய்யத் தொடங்கிய மாதிரி.

ஆனால் அந்த வருஷத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது உடம்பு பிறந்த வருஷம். பேரல் என்கிற குழல் தேய்ந்தால் மாற்றுவார்கள், கட்டை பிளந்தால் மாற்றுவார்கள். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டின் கைப்பிடியில் ஒரு எண் இருக்கும். உடம்பிலும் பேரலிலும் அதே எண் இருந்தால்தான் ஒரே குடும்பம். போலீஸ் காவலுக்கு வைத்திருந்த .410 மஸ்கட்டைப் பாருங்கள். பழைய .303-ஐ எடுத்து, பேரலில் மரை இல்லாமல் வழவழப்பாக்கி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுகிற மாதிரி இஷாப்பூரில் மாற்றியது. கழுத்தில் ஒரு வருஷம் இருக்கும், அது இப்போது செய்கிற வேலை வேறொரு காலத்தில் வந்தது. கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி போகிறதா என்றும் பாருங்கள். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்டது. இங்கிலாந்தில் பிறந்த துப்பாக்கியில் அது இருந்தால், இடையில் நம்மூர் பட்டறைக்கு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

என்.சி.சி. பிள்ளைகளுக்கு ஒன்று. டி.பி. என்று அடித்திருந்தால் அது டிரில்லுக்கு மட்டும். அதில் தோட்டா போடவே கூடாது. அப்புறம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய துப்பாக்கி கிடைத்தால், எடுத்துப் பார்க்காமல் முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். காட்சிக்கு வைத்த எதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பளபளப்புக்காக ஒன்றைத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் கிரீடமும் வருஷமும் போய்விட்டது. எங்கே பிறந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அதன் கழுத்து என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் பெட்டிச் சாவி கிடைத்துவிட்டதாகப் போன வாரம் சொல்லி அனுப்பினார்கள். புது அட்டையை நானே எழுதி எடுத்துப் போகிறேன்: 'இஷாப்பூர் 2ஏ1, 7.62 மி.மீ., 1967'. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. வர விரும்புகிறவர்கள் ஆளுக்கொரு டார்ச் எடுத்து வாருங்கள்.