விலைபோகாத சாமான்: இலத்திரனியல் கழிவை எங்க குடுக்கிறது?

(காட்சி: களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு ஒழுங்கை. பழைய இரும்பு வாங்குறவர் வண்டியோட வாறார்.)

குரல்: சுத்தாத மின்விசிறி, எரிஞ்ச மோட்டர், ஓட்டோ பற்றரி எல்லாம் வண்டியில ஏறிரும். அதுல செம்பும் ஈயமும் இருக்கு, காசு கிடைக்கும். ஆனா மூலையில கிடக்கிற ரியூப் லைட்டையும், ஊதின போன் பற்றரியையும், முதுகு பெருத்த பழைய ரீவியையும் நீட்டிப் பாருங்க. தலையை ஆட்டிட்டுப் போயிருவார். அவரில பிழை இல்ல, அது அவர்ர யாவாரம். விலை இருக்கிற சாமான் தானாவே வீட்டை விட்டுப் போயிரும். சட்டம் தேவைப்படுறது மிச்சத்துக்குத்தான்.

(காட்சி: வர்த்தமானிப் பக்கம்.)

நம்மட இலங்கையில இதுக்குச் சட்ட அடிப்படை, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். அதுக்குக் கீழ 2008 பெப்ரவரி 1இல வந்த 1534/18ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி, இலத்திரனியல் கழிவை, அதாவது தூக்கிப் போடுற போன், கொம்பியூட்டர் மாதிரிச் சாமான்களை, ஆபத்தான கழிவுகளின் அட்டவணையில சேர்த்திருக்கு. அதனால இதைச் சேகரிக்க, ஏத்திக்கொண்டு போக, களஞ்சியப்படுத்த, மீள்சுழற்சி செய்ய எண்டு ஒவ்வொண்டுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேணும்.

"பழைய கொம்பியூட்டரெல்லாம் எடுப்பம்" எண்டு ஆராவது பாடசாலைக்கோ கடைக்கோ வந்தா, முதல்ல அந்தப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்க. அதுல திகதி முடிஞ்சிருக்கா எண்டும் பாருங்க. எவ்வளவு தருவீங்க எண்டது பிறகு.

நாட்டுக்கு வெளிய அனுப்புறதுக்கு பாசல் சமவாயம் இருக்கு. ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போறதைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம் அது. 2025 ஜனவரி 1 தொடக்கம், ஆபத்தானதோ இல்லையோ, எந்த இலத்திரனியல் கழிவுக்கும் வாங்குற நாட்டின் முன்சம்மதம் வேணும்.

(காட்சி: குப்பை மேடு, தூரத்துல யானைகள்.)

பிரதேச சபையின் குப்பை ட்ரக்டரில போட்டு விட்டா என்ன? அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுல காட்டு யானைகள் பிளாஸ்டிக் தின்னுற படம் 2022இல வெளிநாட்டுப் பத்திரிகைகளிலயும் வந்திச்சு. வீட்டுக் குப்பையோட கலந்து போற போனும் பல்பும் அந்த மாதிரி மேட்டிலதான் போய்ச் சேரும்.

வளவுல புதைக்கிறது அதை விட மோசம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவுல கிடக்கிற நம்மட எழுவான்கரை முழுக்க மணல். நிலத்தடி நீர் கைக்கெட்டுற ஆழத்துல கிடக்கு, மாரியில இன்னும் மேல வரும். நம்மட கிணத்துத் தண்ணியும் அதுதான். பற்றரி அசிட்டை மண்ணுல ஊத்துறவங்க இதை யோசிக்கிறதே இல்ல. செம்புக்காக வயர் எரிக்கிறதும் அப்படித்தான்: மேலுறை பிவிசி பிளாஸ்டிக், எரிஞ்சா டயொக்சின் எண்ட நஞ்சு வரும்.

(காட்சி: மேசையில ரியூப் லைட், போன், வெறும் பிஸ்கட் ரின்.)

ரியூப் லைட்டுக்குள்ள சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு. புதுசு வந்த பெட்டியிலயே பழசை வையுங்க. உடைஞ்சிட்டா கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 15 நிமிசம் வெளிய நில்லுங்க. விளக்குமாறால கூட்டக் கூடாது. ரெண்டு மட்டையால வழிச்சு, துகளை ரேப்பால ஒட்டி எடுத்து, மூடி இறுகின போத்தல்ல போடுங்க.

ஊதின பற்றரியைக் குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க. முனையில ரேப் ஒட்டி, காய்ஞ்ச மணல் போட்ட ரின்னுல, அடுப்பங்கரைக்குத் தூரமா வையுங்க. போனைக் குடுக்க முதல் சிம்மைக் கழட்டி, உள்ள இருக்கிறதெல்லாத்தையும் அழிச்சிருங்க. படம் மட்டுமில்ல, வங்கிக் கணக்கும் அதுக்குள்ளதான் கிடக்கு.

சரி, பிறகு ஆருக்குக் குடுக்கிறது? அனுமதி பெற்றவங்களின் பட்டியல் மத்திய சுற்றாடல் அதிகாரசபையில இருக்கு. பெரும்பாலானவங்க கொழும்புப் பக்கம். ஒரு போனுக்காக மட்டக்களப்புக்கு லொறி வராது. அதனால தனித்தனியா அலையிறதை விட, பாடசாலையோ கோயிலோ பள்ளிவாசலோ பொறுப்பெடுத்து, முதல்ல சேகரிப்பாளரோட பேசி, எவ்வளவு சேர்ந்தா வருவாங்க எண்டு கேட்டுட்டு, பிறகு ஊருக்கு அறிவிக்கலாம். சேர்க்கிற இடம் கூரைக்குக் கீழ, சீமெந்து நிலமா இருக்கட்டும். லொறியில ஏத்தும்போது, என்ன சாமான், எத்தனை கிலோ எண்டு எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்க.