ரசம் போன கண்ணாடியும் டிராகுலாவும்

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்து அப்புத்தளையில் இருந்து பேசுகிறேன். மணி மூன்றரை. எனக்குப் பின்னால் தெரியும் தேயிலை மலையை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், கீழே பள்ளத்தில் இருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. அதன் அறையான காம்பராவுக்குள் இருட்டு என்பதால் இஸ்தோப்பிலேயே, முன் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கையில் இருப்பது அப்பாவின் சவரக் கண்ணாடி. கிட்டக் கொண்டுவருகிறேன். சுற்றிலும் தகரச் சட்டம். வலது மூலையில் ரசம் போய்க் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்திருக்கிறது, தெரிகிறதா? அந்தப் பக்கம் முகத்தை நகர்த்தினால் பாதிக் கன்னம் காணாமல் போகும். இந்தத் தூணில்தான் தொங்கும். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் அப்பா இதில் பார்த்துச் சவரம் செய்வார்.

டிராகுலா நாவலை முதன்முதலாக வாசித்தபோது என் கண்முன் வந்தது இதுதான். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் வந்த, ரத்தம் குடிக்கும் வாம்பயர் பேயைப் பற்றிய நாவல். ஜொனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் டிரான்சில்வேனியாவில் டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகிறார். அங்கே எங்கேயும் கண்ணாடி இல்லை. தான் கொண்டுபோன சின்னச் சவரக் கண்ணாடியை ஜன்னலோரம் மாட்டிச் சவரம் செய்கிறார். தோளில் ஒரு கை விழுகிறது. காலை வணக்கம் சொல்லும் குரல் கேட்கிறது. ஹார்க்கர் திடுக்கிடுகிறார். பின்னால் இருக்கிற அறை முழுவதும் கண்ணாடியில் தெரிகிறது, ஆனால் யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பிரபு பக்கத்திலேயே நிற்கிறார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தால் ஹார்க்கர் மட்டும். சவரக் கத்தி கீறி ரத்தம் கசிகிறது. கடைசியில் பிரபு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீச, அது கீழே முற்றத்துக் கல்லில் விழுந்து சுக்குநூறாகிறது.

இந்த இடத்தில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். பயம் டிராகுலா தெரியாததில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கண்ணாடியில் ஹார்க்கர் ஒற்றை ஆளாகத் தெரிகிறாரே, அதில் இருக்கிறது. தோளில் கை இருக்கிறது, காதில் குரல் கேட்கிறது, கண்ணாடியோ நீ தனியாகத்தான் இருக்கிறாய் என்கிறது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரிடமாவது கேட்கலாம். அதற்கும் ஆளில்லை.

எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, சொன்ன பேய்களுக்குக் கண்ணாடிப் பேச்சே கிடையாது. பேய்க்கு நிழல் விழாது, கால் தரையில் பாவாது, இந்த இரண்டும்தான். அப்போது லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. ஒரே காம்பரா, ஒரே குப்பி லாம்பு, ஏழு பேர். லாம்பை நடுவில் வைத்தால் எல்லோருடைய நிழலும் சுவரில் ஏறிக் கூரைத் தகரம் வரைக்கும் வளைந்து நிற்கும். அப்பாயி கதையை நிறுத்தியதும் நானும் தங்கச்சியும் சுவரில் நிழல்களை எண்ணுவோம். ஏழு வந்துவிட்டால்தான் மூச்சு வரும். ராத்திரியில் வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால், அப்பாயி கதவைத் திறந்து லாம்பை முகத்துக்கு நேரே தூக்க மாட்டார். முதலில் தாழ்த்திக் காலைத்தான் பார்ப்பார். அப்புறம்தான், "யாருப்பா? உள்ளே வா."

ஏன் எங்களுக்கு நிழல், அவர்களுக்குக் கண்ணாடி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நிழல் பத்துப் பேர் பார்க்கிற மாதிரிச் சுவரில் விழுகிறது. சவரக் கண்ணாடியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். ஏழு பேர் ஒரே காம்பராவில் படுக்கிற இடத்தில் பேயைச் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். பூட்டிய கோட்டையில் தனியாக இருக்கிறவருக்குக் கண்ணாடிதான் சாட்சி.

ஐரோப்பாவில் நிழல் கதை இல்லையா என்றால், இருக்கிறது. 1814இல் ஷமிஸோ ஜெர்மன் மொழியில் எழுதிய கதையில், எடுக்க எடுக்கக் குறையாத பணப்பைக்காக ஒருவன் தன் நிழலை விற்றுவிடுகிறான். வெயிலில் நடந்ததும் தெருவே அவனை ஒதுக்கிவிடுகிறது. அவனுக்கு வேறு எந்தக் குறையும் இல்லை, ஊர் பார்த்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஹொஃப்மான் எழுதிய கதையில் ஒருவன் தன் கண்ணாடிப் பிம்பத்தைக் காதலியிடம் விட்டுவிட்டு வருகிறான். டிராகுலாவுக்கும் நிழல் கிடையாது, நாவலிலேயே அவனை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் அதைச் சொல்கிறார். ஆனால் அந்த நாவலை வைத்து 1922இல் வந்த நொஸ்ஃபெராட்டு படத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது படிக்கட்டில் ஏறும் அந்த நகம் நீண்ட நிழல்தான்!

நிழல் விழாவிட்டால் பேய் என்று முடிவு கட்டவும் முடியாது. நளன் கதையை நினைத்துப் பாருங்கள். சுயம்வரத்தில் தமயந்திக்கு முன்னால் ஐந்து நளன்கள். நான்கு பேர் தேவர்கள். மகாபாரதத்தில் அவள் அடையாளம் கண்டது எப்படி? தேவர்களுக்கு வியர்வை இல்லை, கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை. நளனுக்கு நிழல் விழுந்தது, உடம்பில் தூசி இருந்தது, மாலை வாடியிருந்தது. அவள் தேடியது அந்த வாட்டத்தை. அப்பாயி வாசலில் லாம்பைத் தாழ்த்தியதும் தமயந்தி பார்த்ததும் ஒரே பார்வை என்று எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. அந்தக் காலக் கண்ணாடியில் வெள்ளி பூசியிருந்தார்கள், வெள்ளி தூய்மையானது, அதனால்தான் வாம்பயர் தெரியவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஸ்டோக்கர் தன் நாவலில் அப்படிக் காரணம் சொல்லவே இல்லை. கண்ணாடிக்கு வெள்ளி பூசும் முறையை லீபிக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்ததே 1835இல்தான். அதற்கு முன் தகரமும் பாதரசமும் சேர்ந்த பூச்சு. இன்றைக்கும் நாம் ரசம் போன கண்ணாடி என்றுதானே சொல்கிறோம்? அந்த ரசம் பாதரசம்தான். வெள்ளிதான் காரணம் என்றால் அலுமினியம் பூசிய கண்ணாடியில் டிராகுலா தலைசீவிக்கொண்டு போகலாம். ஓடைத் தண்ணீரில் முகம் பார்க்கலாம். இவ்வளவு பெரிய பயத்தைப் பூச்சுக் கணக்காக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டோக்கர் 1890இலிருந்து எழுதிவந்த குறிப்புகள் இன்றும் பிலடெல்பியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் இன்னும் பரந்த எண்ணம் தெரிகிறது. ஓவியர்களால் டிராகுலாவை வரைய முடியாது, எவ்வளவு முயன்றாலும் வேறு யாரோ போல வந்துவிடும். கோடாக் கமராவில் எடுத்தால் கறுப்பாகவோ எலும்புக்கூடு போலவோ வரும். கமரா விஷயம் நாவலுக்குள் வரவில்லை, எனக்கு அது பெரிய குறைதான். இப்படி ஃபோனை நீட்டிப் பேசுகிற ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தக் குறிப்பு ஞாபகம் வரும்.

டிராகுலாவுக்கும் பத்து வருடம் முன்னால், 1887இல், பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் எழுதிய ஓர்லா கதை இருக்கிறதே, அது இதைவிட ஒரு படி மேலே. அதில் வரும் ஜந்து கண்ணுக்கே தெரியாது. கதைசொல்லி ஒரு ராத்திரி ஆளுயரக் கண்ணாடிப் பக்கம் திரும்புகிறான். பகல் போல வெளிச்சம், ஆனால் கண்ணாடியில் அவனைக் காணவில்லை! அந்த ஜந்து இடையில் நிற்கிறது. அது மெல்ல விலக விலக, பனிக்குள்ளிருந்து வருவது போல அவன் முகம் அவனுக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

இங்கே பாருங்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே மூட்டம் இஸ்தோப்புக்குள் வந்துவிட்டது. தேயிலை மலை இல்லை. கண்ணாடியைத் தூக்கிக் காட்டுகிறேன், முகப்பில் ஈரம் படிந்து வெறும் சாம்பல் நிறம். நான் தெரிகிறேனா? இருங்கள், சட்டைக் கையால் துடைக்கிறேன். நெற்றி வருகிறது. கண். அந்தக் கறுப்புப் புள்ளி மூலை.

மீதியை நாளைக்குப் பேசுவோம். உங்கள் அப்பாயி, அம்மாயி பேயை எப்படிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள் என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிச் சேர்க்கிறேன். அம்மா லைட்டைப் போடச் சொல்கிறார், வருகிறேன்.