இரண்டாவது பட்டம் எப்போது?

(பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், பையனுக்கு பி.காம். கிடைச்சிருக்கு. கூடவே இன்னொரு டிகிரியும் சேர்த்துவிட்டா நல்லதாமே?" அவருக்கான பதிலைத்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில் விதி. 2022 ஏப்ரலில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க வழிவிட்டது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் போய்ப் படிக்கலாம். ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு இடத்திலும் கேட்டுவிடுங்கள். அசல் டி.சி. ஒன்றுதான் இருக்கும், அது முதல் கல்லூரியில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது இடத்தில் அதற்குப் பதில் என்ன ஏற்பார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

சரி, விதி இடம் கொடுக்கிறது. நேரம் இடம் கொடுக்குமா?

என் மாணவி ஒருத்தி பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பிலும் சேர்ந்தாள். ஒருநாள் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். வாரம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தாள். கல்லூரிக்கு நீலம், பஸ்ஸுக்குப் பச்சை, ஆன்லைன் பாடத்துக்குச் சிவப்பு. ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரமாவது வேண்டும், அவள் மூன்று பாடம் எடுத்திருந்தாள். தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ராத்திரி ஒன்றரை மணிக் கட்டத்திலும் சிவப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது.

அடுத்த பருவத்தில் ஒரே பாடமாகக் குறைத்துக்கொண்டாள். அந்தப் படிப்பில் அதற்கு இடம் உண்டு. இடையில் நின்றாலும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை: அடிப்படை நிலையை முடித்தால் சான்றிதழ், அடுத்து டிப்ளமோ, பாடங்களை முடிக்க முடிக்கச் சேரும் கிரெடிட் 114 ஆனால் பி.எஸ்சி., 142 ஆனால் அதற்கு அடுத்த நிலைப் பட்டமான பி.எஸ். அவள் டிப்ளமோவோடு நிறுத்திக்கொண்டாள். அது தோல்வி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். கணிதத்தை ஆழமாகப் படிக்க அவளுக்கு நேரம் திரும்பக் கிடைத்தது.

பி.காம்.மோடு பி.பி.ஏ. சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பாதிப் பாடம் சொன்னதையே சொல்லும். சி.ஏ. எழுதப்போகிற பிள்ளைக்கு பி.காம். ஒன்றே போதும், சி.ஏ.யே இன்னொரு முழுப் படிப்பின் சுமை. அதே சமயம், பொறியியல் படிக்கிற ஒருவர் ஆசைப்பட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன் என்றால் இரு கை தட்டி வரவேற்பேன். முதல் பட்டம் தராத ஒன்றை இரண்டாவது தருகிறதா என்றுதான் பார்க்கிறேன். சாயங்காலம் கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளையிடம் மட்டும் தயவுசெய்து இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அப்புறம், அவசரம் எதற்கு? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது. முதல் செமஸ்டர் முடியட்டும். கல்லூரி எவ்வளவு நேரம் பிடிக்கிறது, வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். அந்த அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, டிசம்பரில் பையனிடமே கேளுங்கள். படிக்கிறேன் என்று அவனே சொன்னால், ஜனவரி சேர்க்கைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.