பிழை பார்க்கத் தெரிந்தவர்கள்

நண்பர்களே,

1936இல் ஐன்ஸ்டைன், நாதன் ரோசனுடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை அமெரிக்காவின் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார். ஈர்ப்பலைகள், அதாவது கனமான பொருள்கள் அசையும்போது வெளியில் பரவும் சிற்றலைகள், என்று எதுவும் கிடையாது என்பது அதன் முடிவு. இருபது ஆண்டுகளுக்கு முன் அப்படி அலைகள் இருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரேதான்!

இதழாசிரியர் ஜான் டேட், ஐன்ஸ்டைன் ஆயிற்றே என்று கும்பிடு போட்டு அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. துறை அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பத்துப் பக்கத்துக்குக் குறிப்பு வந்தது: கணக்கு இடறுகிறது. ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம். அச்சிடத்தான் அனுப்பினேன், அதற்குமுன் யாருக்கோ காட்டச் சொல்லவில்லை என்ற பொருளில் பதில் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு நடந்ததுதான் அழகு. அந்தக் குறிப்பை எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்சன். அவர் ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் இன்ஃபெல்டுடன் பழகி, பிழை எங்கே இருக்கிறது என்று பேச்சுவாக்கில் விளக்கினார். தான்தான் அந்த மதிப்பீட்டாளர் என்று மூச்சுவிடவில்லை. 1937இல் கட்டுரை வேறோர் இதழில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. 2015இல் ஈர்ப்பலைகள் கருவியிலேயே பதிவாகிவிட்டன. ராபர்ட்சன் பெயரோ, 2005இல்தான் இதழின் பழைய பதிவேட்டைப் பார்த்து உறுதிசெய்யப்பட்டது.

ஆய்வு என்றதும் நமக்குச் சோதனைக்கூடம் நினைவுக்கு வருகிறது. எனக்கு அந்தப் பத்துப் பக்கம்தான் நினைவுக்கு வரும். இன்றும் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை போனால், முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் தம் சொந்த வேலையை ஒதுக்கிவைத்துப் படிக்கிறார்கள். பெரும்பாலும் சல்லிக்காசு கிடையாது. எழுதியவருக்கும் கிடையாது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவர் பதிப்பாளர். படிப்பவரிடம் சந்தா வாங்கியது போதாதென்று, யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்றால் எழுதியவரே பணம் கட்ட வேண்டும் என்றாகிவிட்டது. ‘நேச்சர்’ இதழ் அதற்கு 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தது. அந்த ஆய்வுக்குச் செலவானது பெரும்பாலும் வரிப்பணம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதைத் திட்டிக்கொண்டே இருக்கலாம். நான் பேச வந்தது அதுவல்ல.

முடிந்த வேலையில் பிழை பார்ப்பதற்கு இந்த முறை நல்லது. பொய்த்தரவை இது பிடிக்காது. மதிப்பீட்டாளர் கட்டுரையைத்தான் பார்க்கிறார், மூலத் தரவு அநேகமாக அவர் கைக்கு வருவதே இல்லை. ஆனாலும் நல்லது. சிக்கல் எங்கே என்றால், இதே முறையை நிதி கொடுக்கவும் பயன்படுத்துகிறோம். அங்கே இன்னும் செய்யாத வேலைக்கு மதிப்பெண் போட வேண்டும். பிழை பார்க்கத் தெரிந்தவருக்கு வருவதுரைக்கவும் தெரியுமா?

காதலின் கரிகோ என்ற உயிர்வேதியியலாளரைக் கேளுங்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உயிரணுவுக்குச் செய்தி கொண்டுபோகும் ஆர்.என்.ஏ. மூலக்கூறை மருந்தாக்கலாம் என்று அவர் போட்ட விண்ணப்பங்கள் திரும்பத் திரும்பத் தள்ளுபடியாயின. 1995இல் பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கியது. நிதி இல்லாவிட்டால் ஆய்வு நடக்காது, ஆய்வு நடக்காவிட்டால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாதவருக்கு யார் நிதி தருவார்? அந்தச் சுழலுக்குள்ளேயே தாக்குப்பிடித்து, 2005இல் ட்ரூ வைஸ்மனுடன் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பின்மேல்தான் கொரோனா காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் நின்றன. 2023இல் நோபல். அவரைத் தள்ளியவர்கள் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். ராபர்ட்சனைப் போலவே கவனமாகப் படித்தவர்களாகவும் இருந்திருக்கலாம். கேட்கப்பட்ட கேள்வி வேறு.

நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013 முதல் ஒரு வகை நல்கைக்கு வேறு வழி பார்த்தது. வல்லுநர்கள் விண்ணப்பங்களைப் படித்து, தகுதியற்றவற்றைக் கழிப்பார்கள். அதாவது பிழை மட்டும் பார்ப்பார்கள். மிஞ்சியவற்றில் யாருக்குப் பணம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். எல்லா நிதியையும் இப்படிக் குலுக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கைப் போட்டுப் பாருங்கள் என்கிறேன். அந்தக் குடத்தில் கரிகோவின் சீட்டும் கிடந்திருக்கும்.