அம்மாவின் நினைவு போன பிறகு ஆன்மா எங்கே?

பட்டர்வொர்த்துலேருந்து ஃபெரி ஏறி வந்திருக்கிற அக்கா ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காங்க: "அம்மாவுக்கு மறதி நோய். என் பேரே தெரியல. லிட்டில் இந்தியாவுல வாங்குன மல்லிகைச் சரத்தைக் கையில குடுத்தா மட்டும் கண்ணை மூடி மோந்து பார்க்குறாங்க. ஆன்மா அழியாதுங்கிறீங்க. எங்கம்மா இப்ப எங்க?"

அக்கா, இதே கேள்வியை இந்திரன் கேட்டிருக்கான். சாந்தோக்கிய உபநிடதம், எட்டாவது அத்தியாயம். ஆன்மாவைத் தெரிஞ்சுக்க இந்திரனும் அசுரர் தலைவன் விரோசனனும் படைப்புக் கடவுள் பிரஜாபதிகிட்ட 32 வருஷம் இருந்தாங்க. தண்ணியில தெரிஞ்ச உருவத்தைப் பார்த்து, உடம்புதான் ஆன்மான்னு விரோசனன் நிம்மதியா போயிட்டான். இந்திரனுக்குப் பாதி வழியில உறுத்துச்சு. உடம்பு குருடானா ஆன்மாவும் குருடா? திரும்பி வந்து இன்னொரு 32 வருஷம் இருந்தான். கனவு காணுறவன்தான் ஆன்மான்னு பிரஜாபதி சொன்னார், அதுவும் சரியாப் படாம திரும்பி வந்து மறுபடியும் 32 வருஷம் இருந்தான். கனவே இல்லாம தூங்குறவன்னு அவர் சொன்னப்பதான், 'இது நான்'னு அவனுக்கே தெரியலையே, அழிஞ்சுபோன மாதிரில்ல இருக்குன்னு கலங்கினான். உங்க பயமும் அதுதானே அக்கா?

பிரஜாபதி அவனைக் கண்டிக்கல. இன்னும் 5 வருஷம் இருன்னார். மொத்தம் 101 வருஷம். அப்புறம் சொன்ன பதிலைக் கேளுங்க: 'இதை மோந்து பார்ப்போம்'னு எது அறியுதோ அது ஆன்மா, மூக்கு கருவி. மனசையும் அவர் ஆன்மாவோட கண்ணுன்னுதான் சொல்றார். அதுவும் கருவிதான்.

நம்ம சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரும் தன்னோட சிவஞானபோதம் நாலாவது சூத்திரத்துல இதைத் தொடுறார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம், இதுல எதுவும் ஆன்மா இல்ல; அமைச்சரோட அரசன் மாதிரி ஆன்மா அதுங்களோட சேர்ந்து நிக்குது. அந்த ஆன்மாவும் இறைவனும் ஒண்ணா வேறயாங்கிறதுல வேதாந்தமும் சித்தாந்தமும் பிரியும், அதை இன்னொரு நாள் பேசுவோம். உங்கம்மாவுக்குப் படுத்துட்டது அமைச்சர். நினைவு அவர் கையில இருந்துச்சு. அரசன் சொல்ல வர்றது வெளிய வர வழியில்ல, அவ்வளவுதான்.

இதைக் கேட்டா உங்க வலி போயிடும்னு நான் சொல்லமாட்டேன். பெத்தவ வாயால நம்ம பேரைக் கேக்காத இழப்பு பெருசு. அடுத்த தடவை போறப்ப, "நான் யாருன்னு தெரியுதா?"ன்னு பரீட்சை வைக்காதீங்க. "உங்க மக வந்திருக்கேன்மா"ன்னு நீங்களே சொல்லிடுங்க. பூவைக் கையில குடுத்துட்டு, அவங்க மோந்து முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க.